நிலவறையில் ஒரு டிரெட்மில்: வெஸ்ட் வின்ட்சர் தமிழர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், நியூயார்க்கையும் ஃபிலடெல்பியாவையும் இணைக்கும் ரயில் பாதையில் அமைந்துள்ளது வெஸ்ட் வின்ட்சர். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையம் இவ்வூரின் எல்லைக்குள்தான் இருக்கிறது. தமிழர்கள் உள்ளிட்ட இந்திய வம்சாவளியினர் கணிசமாக வாழும் இங்கிருந்து மன்ஹாட்டனுக்கு வேலைக்குச் செல்வோருக்கு, ஒரு வழிப் பயணத்துக்கே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. டிசம்பர் மாதத்தில் மாலை நாலரை மணியளவில் சூரியன் மறைந்துவிடுகிறது. கால்வாய்க் கரையிலும் மெர்சர் கவுன்ட்டி பூங்காவிலும் கோடையில் நடந்தவர்கள், பனி விழத் தொடங்கியதும் வீட்டுக்குள் முடங்குவது ஆண்டுதோறும் நடப்பதுதான்.

இந்நிலையில், வீட்டிலேயே உடற்பயிற்சி செய்வதற்கான கருவிகளை வாங்குவோர் எண்ணிக்கை 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் வெகுவாக உயர்ந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மூடப்பட்ட நியூ ஜெர்சியின் உடற்பயிற்சிக் கூடங்கள், செப்டம்பர் முதல் தேதிதான் மீண்டும் திறக்க அனுமதிக்கப்பட்டன. அன்று வாங்கப்பட்ட இயந்திரங்களில் பல, துவைத்த துணியை உலர்த்தும் கொடிகளாக மாறிவிட்டன என்பது தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் நகைச்சுவை.

ஆனால் விடயம் நகைச்சுவையோடு முடிந்துவிடுவதில்லை. 52 நாடுகளில் நடத்தப்பட்ட இன்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியத் தரவுகளைத் தனியாக ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2007ஆம் ஆண்டில் வெளியானது. இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு ஏற்படும் இடைநிலை வயது 53 என்றும், ஏனைய நாடுகளில் அது ஏறக்குறைய 59 என்றும் அக்கட்டுரை காட்டியது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2015ஆம் ஆண்டில் தனது பரிந்துரையை மாற்றியது. மற்றவர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 25ஐ எட்டும்போது நீரிழிவுப் பரிசோதனை என்றால், ஆசிய வம்சாவளியினருக்கு 23லேயே அது தேவை என்றது. கண்ணாடியில் ஒல்லியாகத் தெரிபவருக்கும் வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்திருக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாட்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை என்பது அமெரிக்க அரசு 2018ஆம் ஆண்டில் புதுப்பித்த வழிகாட்டுதல். இதில் முதல் பாதியை மட்டும் மனதில் கொண்டு, பெரும்பாலான குடும்பங்கள் நேராக டிரெட்மில்லைத் தேடிச் செல்கின்றன.

அந்த இயந்திரத்தின் வரலாறு விநோதமானது. ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் கியூபிட் 1818ஆம் ஆண்டளவில் வடிவமைத்த கால்மிதிச் சக்கரம், சிறைக் கைதிகளைத் தண்டிப்பதற்காகவே பிரிட்டிஷ் சிறைகளில் நிறுவப்பட்டது. 1898ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்துக்குப் பின்னரே அது அங்கு கைவிடப்பட்டது. அதன் தூரத்து உறவான மின்சார ஓடுதளத்தைச் சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தவர், நியூ ஜெர்சியைச் சேர்ந்த இயந்திரப் பொறியாளர் வில்லியம் ஸ்டாப். மருத்துவர் கென்னத் கூப்பர் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏரோபிக்ஸ் நூலைப் படித்து, எட்டு நிமிடங்களில் ஒரு மைல் ஓடுவதற்கு வீட்டுக்குள்ளேயே வழி செய்ய முனைந்தவர் அவர். அவர் உருவாக்கிய பேஸ்மாஸ்டர் 600 தான் இன்றைய வீட்டு டிரெட்மில்களின் முன்னோடி. 2012ஆம் ஆண்டில் தமது 96ஆவது வயதில் அவர் காலமானார்.

இன்று கடைகளில் இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் குதிரைத்திறனைச் சொல்லியே விற்கப்படுகின்றன. மூன்று, மூன்றரை, நான்கு என்று எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அப்படியானால் நான்கு குதிரைத்திறனுக்கு ஏறக்குறைய 2,980 வாட் தேவை. அமெரிக்க வீடுகளின் சாதாரண மின்செருகியோ 120 வோல்ட், 15 ஆம்பியர் சுற்றில் இயங்குவது. அதாவது உச்ச அளவே 1,800 வாட் தான். இது இரண்டரைக் குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. ஆகவே சுவரில் உள்ள சாதாரண செருகியில் இணைக்கப்படும் இயந்திரம், நான்கு குதிரைத்திறனில் தொடர்ந்து இயங்க வாய்ப்பே இல்லை. பெட்டியின் மீது அச்சிடப்படும் எண், பெரும்பாலும் கணநேர உச்சத்தைக் குறிப்பது. தொடர் இயக்கத் திறன் எவ்வளவு என்று கேட்பதே சரியான கேள்வி. நடப்பதற்கு மட்டும் என்றால் குறைந்த திறன் போதும். 80 கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் ஓடப்போகிறார் என்றால் அதிகம் தேவைப்படும். அதே சுற்றில் சலவை இயந்திரமோ அறை சூடேற்றியோ இயங்கினால் பிரேக்கர் விழுந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டை நின்றுவிடும் என்பதால், தனிச் சுற்று இருப்பது நல்லது.

அடுத்தது கூரையின் உயரம். இதை யாரும் அளந்து பார்ப்பதில்லை என்பது இக்கட்டுரையாளரின் அனுபவம். வெஸ்ட் வின்ட்சர் வீடுகளில் இயந்திரம் பெரும்பாலும் இறங்குமிடம் பேஸ்மென்ட் எனப்படும் நிலவறை. அங்கு கூரை ஏழு அடியில், அதாவது 84 அங்குலத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஓடுதளம் தரையிலிருந்து எட்டு அங்குலம் உயர்ந்திருந்தால், எஞ்சுவது 76 அங்குலம். 5 அடி 10 அங்குல உயரமுள்ளவரின் தலைக்கு மேல் மிஞ்சுவது ஆறே அங்குலம். ஓடும்போது உடல் மூன்று, நான்கு அங்குலம் எழும்பும். பட்டையின் சரிவை 15 சதவீதத்துக்கு உயர்த்தினால், ஐந்தடி நீளமுள்ள தளத்தின் முன்முனை இன்னும் ஒன்பது அங்குலம் ஏறிவிடுகிறது. மீதியை வெப்பக் காற்றுக் குழாய் பார்த்துக்கொள்ளும்!

டெக்சாஸ் வீடுகளில் பெரும்பாலும் நிலவறை கிடையாது. அங்கு இயந்திரம் கராஜுக்குப் போகிறது; ஆனால் கோடை வெப்பம் மின்னணுப் பாகங்களுக்கும் மனிதருக்கும் ஒருசேரப் பகை. சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் அடுக்குமாடிகளில் வசிப்போருக்குக் கீழ்வீட்டுக்காரர்தான் தடை. அத்தகைய இடங்களுக்கு நிலைச் சைக்கிளோ துடுப்பு இயந்திரமோ பொருந்தும். சைக்கிள் இடத்தை அடைக்காது, மூட்டுகளையும் அதிகம் சோதிக்காது. எலிப்டிகல் இயந்திரமும் மூட்டுக்கு இதமானதே, ஆனால் பாதங்கள் தரையிலிருந்து உயர்ந்து சுழல்வதால் கூரைக் கணக்கு அதற்கும் உண்டு.

வழிகாட்டுதலின் இரண்டாவது பாதியான தசைப்பயிற்சிதான் நம்மவர்களால் பெரிதும் புறக்கணிக்கப்படுவது. உணவிலிருந்து இரத்தத்தில் கலக்கும் சர்க்கரையின் பெரும்பகுதியை உள்வாங்குவது தசை. நீரிழிவு அபாயம் மிக்க ஒரு சமூகத்துக்கு, 1,500 டாலர் டிரெட்மில்லுக்கு முன்பாக 100 டாலருக்குள் அடங்கும் ஓரிரு இணை டம்பெல்களும் இழுவைப் பட்டைகளும் வாங்கத்தக்கவை என்றே தோன்றுகிறது. தண்டாலும் பஸ்கியும் செய்ய அதுவும் தேவையில்லை. நமது கர்லாக்கட்டையின் கதையும் இங்கு நினைவுகூரத்தக்கது. இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் படையினர் மூலம் ஐரோப்பாவுக்குச் சென்ற அது, அமெரிக்காவிலும் பரவியது. நியூயார்க்கில் சைமன் கெஹோ என்பவர் 1866ஆம் ஆண்டில் அதற்கென ஒரு நூலே வெளியிட்டார். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் கர்லா சுழற்றுதல் ஒரு பந்தயமாக இடம்பெற்றது. நிலவறையில் மட்டும் அதைச் சுழற்ற வேண்டாம்.

வாங்குவோர் பலர் தங்களை மட்டும் மனதில் கொண்டு இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர்கள், ஆறு மாத வருகையாளர் அனுமதியில் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர். தெருவில் பேச ஆளின்றி, குளிரில் வெளியே இறங்கவும் இயலாமல், அம்மாவோ அப்பாவோ புடவையோடும் வேட்டியோடும் அந்தப் பட்டையின் மீது ஏறுகின்றனர். வருகையாளருக்கான மருத்துவக் காப்பீடுகள், ஏற்கெனவே உள்ள நோய்களைப் பொதுவாக ஏற்பதில்லை. வயதானவர் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் செலவு பல்லாயிரம் டாலர்களைத் தொடும். பழக்கமில்லாத முதியவருக்கு, சாய்ந்து அமர்ந்து மிதிக்கும் ரெகும்பென்ட் சைக்கிளே பாதுகாப்பானது. டிரெட்மில்தான் என்றால், நீண்ட கைப்பிடிகளும், மணிக்கு அரை மைல் வேகத்தில் தொடங்கும் வசதியும், உடையில் மாட்டிக்கொள்ளும் அவசர நிறுத்தச் சாவியும் அவசியம். இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்வோருக்கு இதயத் துடிப்பு அதிகம் உயராது. இயந்திரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் துடிப்பு அட்டவணையை அவர்கள் நம்பக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்வோர் சர்க்கரை தாழ்ந்துவிடும் அபாயம் குறித்து மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

குழந்தைகள் இருக்கும் வீடுகளின் கவலை வேறு. பெலோட்டன் நிறுவனத்தின் டிரெட் பிளஸ் இயந்திரத்தின் பின்புறத்தில் குழந்தைகள் இழுக்கப்படுவதாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஏப்ரலில் எச்சரித்தது. முதலில் அதை மறுத்த நிறுவனம், மே மாதத்தில் சுமார் 1,25,000 இயந்திரங்களைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டது. அதற்குள் ஒரு குழந்தை உயிரிழந்திருந்தது. எழுபதுக்கும் அதிகமான விபத்துகள் பதிவாகியிருந்தன. அதன் பின்னர் நிறுவனம் மென்பொருள் வழியே பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தபோது, மாதச் சந்தா செலுத்தாதவர்களால் தங்கள் சொந்த இயந்திரத்திலேயே ஓட முடியாத நிலை சில காலம் ஏற்பட்டது. பல்லாயிரம் டாலர் கொடுத்து வாங்கிய பொருளுக்கு உண்மையில் உரிமையாளர் யார் என்ற கேள்வியை அது எழுப்பியது. சந்தா இல்லாவிட்டாலும் இயந்திரம் முழுமையாக இயங்குமா என்று வாங்கும் முன் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது வீண்போகாது. பட்டைக்குப் பின்னால் ஆறடி இடைவெளியும், பயன்பாடு முடிந்ததும் சாவியைக் கழற்றி வைக்கும் பழக்கமும் எந்த நிறுவனத்தின் தயாரிப்புக்கும் பொருந்தும்.

டம்பெல்களும் விதிவிலக்கல்ல. எடையை மாற்றிக்கொள்ளத்தக்க போஃப்ளெக்ஸ் 552, 1090 வகைகளில் தட்டுகள் கழன்று விழுவதாகக் கூறி, 2025 ஜூன் மாதத்தில் சுமார் 38 இலட்சம் டம்பெல்கள் திரும்பப் பெறப்பட்டன. நூற்றுக்கும் அதிகமானோர் காயமடைந்திருந்தனர். இவை பழைய பொருட்களாகக் கைமாறிக்கொண்டிருப்பவை என்பது குறிப்பிடத்தக்கது.

பழைய பொருட்களின் சந்தை வெஸ்ட் வின்ட்சர் போன்ற ஊர்களில் உயிர்ப்புடன் இருக்கிறது. புத்தாண்டுத் தீர்மானங்கள் தளரும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், வேலை மாறிக் குடும்பங்கள் இடம்பெயரும் கோடையிலும் பாதி விலைக்குக் குறைவாகவே நல்ல இயந்திரங்கள் கிடைக்கும். நியூ ஜெர்சியின் 6.625 சதவீத விற்பனை வரியும் மிச்சம். ஆனால் உத்தரவாதம் பல நிறுவனங்களில் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடுகிறது. மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்பப் பெறப்பட்டவற்றின் பட்டியலில் அது உள்ளதா என்று பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பட்டையின் மீது பத்து நிமிடமாவது நடந்து, கருகல் வாடை வருகிறதா என்று கவனிப்பதும் உதவும். நூறு கிலோவைத் தாண்டும் இயந்திரத்தை நிலவறைப் படிகளில் இறக்க நால்வர் வேண்டும். ஏற்றுவது அதைவிடக் கடினம் என்பதால், வீட்டை விற்கும்போது அதையும் சேர்த்தே விட்டுச் செல்வோரும் உண்டு.