அடுப்படியில் ஒரு ஜெபம்

வாரநாளில் தினமும் நான்கு மணி நேரம் வானொலியில் பேசுகிறேன். வீடு திரும்பினால் ஜெபிக்க ஒரு வார்த்தை மிஞ்சாது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், "ஆண்டவரோட பேசி எத்தனை நாளாச்சும்மா?" என்று அம்மா கேட்டார். "எங்கேம்மா நேரம்?" என்றேன்.

அந்தச் சாக்கை உடைத்தவர், 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸ். போரில் காயம்பட்ட வீரர். பிறகு பாரிஸ் கார்மேல் மடத்தில் சமையல் வேலை. அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே ஆண்டவரோடு பேசப் பழகினார். ஜெப நேரம், வேலை நேரம் என்று பிரிக்கவில்லை. மனம் அலைந்தால் தன்னை நொந்துகொள்ளாமல் மறுபடி அவரிடம் திரும்பினார். 1691இல் அவர் மறைந்த பிறகு, அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் நூலாயின.

எனக்குக் கிடைப்பது ஒரு பாட்டு ஓடும் நான்கு நிமிடம். மைக்கை அணைத்துவிட்டு, "இயேசுவே, நாளைக்கு அப்பாவுக்கு ஆபரேஷன், பயமா இருக்கு" என்றேன். அழகான ஜெபம் இல்லைதான். ஆனால், பல மாதங்களுக்குப் பிறகு அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அது.

உங்களுக்கு அந்த நான்கு நிமிடம் எங்கே? எல்ஆர்டி பயணத்திலா, பாத்திரம் கழுவும்போதா? அங்கேயே தொடங்குங்கள்.