ஐம்பத்தொரு வயதில் ஓடத் தொடங்கிய கோடு

கறுப்புத் திரைக்குள் ஒரு கை நீள்கிறது. சாக்பீஸால் இழுத்ததுபோல் நாலு வெள்ளைக் கோடுகள். ஒரு கோமாளி பிறந்துவிடுகிறான். சற்று நேரத்தில் ஒரு நாடக அரங்கம். கனவான் ஒருவருக்கு முன்வரிசையில் இறகுத் தொப்பிக்கார அம்மணி வந்து உட்கார்ந்து அவர் பார்வையை மறைக்கிறார். மனுஷர் இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுகிறார். பாட்டில் பூவாகிறது, யானை வீடாகிறது. கீழே விழுந்து தலை கழன்ற கோமாளியை அதே கை வந்து ஒட்டவைக்கிறது. கதை என்று தேடினால் கிடைக்காது.

1908 ஆகஸ்ட் 17 அன்று பாரிஸில் திரையிடப்பட்ட 'ஃபாந்தாஸ்மகோரி' இது. முழுக்கக் கையால் வரைந்த முதல் கார்ட்டூன் படம் என்று பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். இரண்டு நிமிடம்கூட ஓடாது. அதற்கே சுமார் 700 படங்கள். சாக்பீஸ் என்பது கண்கட்டு வித்தை. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்து, நெகட்டிவாகக் காட்டினார்கள். ஒவ்வொரு தாளையும் இரண்டு தடவை படம்பிடித்ததால் பாதி வேலை மிச்சம்.

வரைந்தவர் எமீல் கோல். அப்போது அவருக்கு வயது 51. அதுவரை அவர் பிழைப்பு பத்திரிகைக் கேலிச்சித்திரம். கேலிச்சித்திரக்காரர் ஆந்த்ரே ஜில்லின் சீடர். 1880களில் பாரிஸில் 'கோர்வையற்றவர்கள்' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொண்டு, ஓவியக் கண்காட்சிகளையே நையாண்டி செய்த கூட்டத்திலும் இருந்தார். யானை வீடாவதற்கு வித்து அங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.

1912-ல் எக்லேர் திரைப்பட நிறுவனத்துக்காக அமெரிக்காவின் ஃபோர்ட் லீக்குப் போனார். ஜார்ஜ் மக்மேனஸின் பிரபலமான பத்திரிகைச் சித்திரக்கதையைப் படத்தொடராக்கும் வேலை. பாத்திரங்கள் அசையாமல் நிற்கும், தலைக்குமேல் வசனக் குமிழ் தொங்கும். காட்சி மாறுகிற இடங்களில் மட்டும் கோடுகள் உருகி, பழைய கோல் எட்டிப்பார்ப்பார். பத்திரிகைப் பக்கத்துக்கு விசுவாசமாக இருக்கப்போய் அவருடைய துள்ளல் போயிற்று என்பது என் கட்சி. 1914-ல் எக்லேரில் பிடித்த தீயில் இந்தப் படங்களில் பெரும்பாலானவை சாம்பலாயின.

பிரான்சுக்குத் திரும்பி, லூயி ஃபோர்த்தோனின் 'லே பியே நிக்லே' சித்திரக்கதையைப் படமாக்கினார். அதற்குள் அமெரிக்க ஸ்டூடியோக்களில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து வரையத் தொடங்கிவிட்டார்கள். இவர் தனியாள்.

கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது. 1937-ல் மெழுகுவத்திச் சுடர் தாடியில் பற்றிக்கொண்டது. 1938 ஜனவரி 20 அன்று கோல் இறந்தார். மறுநாள், பாரிஸின் இன்னொரு திரை மாயக்காரரான ஜார்ஜ் மெலியேயும் போய்ச் சேர்ந்தார்.