ஈரக் கரண்டியும் தேனும்

எலியட்ஸ் கடற்கரையில் நடைபோன எதிர்வீட்டு மாமா, சிப்பி கிழித்த காலோடு வந்து உட்கார்ந்தார். குதிகாலில் மஞ்சள்பொடி அப்பியிருந்தது. "அமெரிக்காக்காரனே மஞ்சளுக்கு பேட்டன்ட் கொடுத்தான், சும்மாவா?"

டீயைக் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன். மஞ்சளால் புண்ணாற்றும் முறைக்கு 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கிடைத்ததும், நம் நாட்டு அறிவியல் ஆய்வு மன்றமான சிஎஸ்ஐஆர் ஆட்சேபித்து 1997இல் அதை ரத்து செய்யவைத்ததும் நிஜம். ஆனால் அங்கே பேசப்பட்டது இந்த வைத்தியம் புதுசா பழசா என்பதுதான். பலிக்குமா என்பது அங்கே வழக்கே இல்லை.

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளின் மேலுறையைக் குலைக்கிறது. தண்ணீரில் மட்டும் கரைய மாட்டேன் என்கிறது; ரத்தம் கசியும் புண்ணுக்குள் எவ்வளவு இறங்கும்? அதோடு மண்ணில் விளைந்த கிழங்கு. பொடியிலேயே கிருமி வித்துகள் ஒளிந்திருக்கலாம்.

என் ஓட்டு தேனுக்கு. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போட்டால் பாட்டி ஏன் திட்டினாள்? உப்பு தண்ணீரைக் கட்டிப்போட்டுவிடுகிறது, கிருமிக்குக் குடிக்கச் சொட்டு கிடையாது. ஈரம் பட்ட இடத்தில் பூஞ்சை பூக்கிறது. தேனிலும் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு போலத்தான் தண்ணீர். மீதி பெரும்பாலும் சர்க்கரை. விழுந்த பாக்டீரியாவின் உடம்பு நீரையே உறிஞ்சிவிடும்.

ஆனால் ஈரம் பட்டால் ஊறுகாய் கெடும். தேனோ வேறு வேலையைத் தொடங்கும். தேனீயின் சுரப்பியிலிருந்து வந்த நொதி ஒன்று அதில் சும்மா கிடக்கிறது. புண்ணின் நீர் கலந்து இளகியதும் அது குளுக்கோஸை எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிக்கிறது. மருந்துக்கடை பாட்டிலில் விற்கும் அதே சரக்குதான். பாட்டிலிலிருந்து ஊற்றினால் நுரைத்து அடங்கிவிடும், தேனிலோ சிறுகச் சிறுகச் சுரந்துகொண்டிருக்கும். தேனைக் காய்ச்சினால் அந்த நொதி செத்தது.

"அப்போ உங்காத்துத் தேனைத் தடவட்டுமா?"

"வேண்டாம் மாமா. தேனிலும் வித்துகள் இருக்கும்; ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூடாது என்பது அதனால்தான். புண்ணுக்கென்று காமா கதிரில் சுத்தம்செய்த தேன் தனியாக வருகிறது. இப்போதைக்குக் குழாயடியில் சோப்புப் போட்டு அந்த மஞ்சளைக் கழுவுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள்?"

மாமா விரல்விட்டு வருஷங்களை எண்ணினார். இரண்டு கையும் போதவில்லை.