கேசட்டுக்குள்ளே கம்ப்யூட்டர் புரோகிராம்

(டிப்ளமோ மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் துறை)

பென்டிரைவ் வைத்திருக்கும் நம்மிடம் வந்து கேசட் கதை பேசுகிறானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆடியோ ஆம்ப்ளிஃபயர், மோட்டார், டிஜிட்டல் என்று நாம் தனித்தனியாகப் படித்த மூன்று பேப்பரும் ஒரே பெட்டிக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் இடம் இது.

பி.பி.சி. மைக்ரோ என்பது இங்கிலாந்தின் ஏக்கார்ன் கம்பெனி 1981-ல் வெளியிட்ட வீட்டுக் கம்ப்யூட்டர். மாடல் பி-யில் இருப்பது வெறும் 32 கே.பி. ராம். நம்ம நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. 1984-ல் மத்திய அரசு 'க்ளாஸ்' என்ற திட்டத்தின் மூலம் பள்ளிக்கூடங்களுக்கு இந்த மெஷினைக் கொடுத்தது. அப்படி ஒரு பள்ளி பல வருஷம் கழித்து வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு மெஷினும், கூடவே 14 கேசட்டும், டேப் ரெக்கார்டர் மெக்கானிக்கான எங்க மாமா கடைக்கு வந்து சேர்ந்தது. கேசட் லேபிளில் பேனாவால் பையன்கள் பெயரும் வகுப்பும் எழுதியிருந்தது. யாரோ பத்தாம் கிளாஸ் பையன் வாழ்க்கையில் முதன்முதலாக எழுதிய புரோகிராம் அதுக்குள்ளே இருக்கலாம். வேறெங்கும் அதற்குக் காப்பி கிடையாது.

ஏன் கேசட்? ஃப்ளாப்பி டிரைவ் விலை அதிகம், தனியாக வாங்கிப் பொருத்தணும். டேப் ரெக்கார்டர் வீட்டிலேயே இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. டேப்பில் பதிவாவது சத்தம். பிட் 0 என்றால் 1200 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று. பிட் 1 என்றால் 2400 ஹெர்ட்ஸில் இரண்டு சுற்று. இரண்டுக்கும் பிடிக்கும் நேரம் ஒன்றே. ஆக ஒரு செகண்டுக்கு 1200 பிட். ஒரு பைட்டுக்கு முன்னால் ஒரு ஸ்டார்ட் பிட், பின்னால் ஒரு ஸ்டாப் பிட், மொத்தம் 10. அப்படியானால் செகண்டுக்கு 120 பைட். 20 கே.பி. புரோகிராம் ஏற சுமார் 3 நிமிஷம். நடுவில் வரும் இடைவெளிகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். டீ குடித்துவிட்டு வரலாம்.

இந்த மெஷினில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அதே காலத்து இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் புரோகிராம் முழுவதையும் ஒரே நீள ஓட்டமாக எழுதும். கடைசி பைட் கெட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கணும். பி.பி.சி. மைக்ரோ 256 பைட்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஃபைல் பெயர், நம்பர், சரிபார்க்கும் குறியீடு எல்லாம் போட்டு எழுதுகிறது. ஒரு துண்டு கெட்டால் திரையில் 'ரீவைண்ட் டேப்' என்று கேட்கும். கொஞ்சம் பின்னால் சுற்றி விட்டால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும்.

இணைப்புக்கு வருவோம். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இத்தனை வயதான பி.பி.சி. மைக்ரோவை நேராக பிளக்கில் சொருகாதீர்கள். பவர் சப்ளைக்குள் இருக்கும் மெயின்ஸ் ஃபில்டர் கெப்பாசிட்டரின் மேலுறை காலப்போக்கில் விரிசல் விடும். ஈரம் ஏறி, ஒருநாள் புகையோடு வெடிக்கும். எக்ஸ்2 ரேட்டிங் உள்ள புதுசை மாற்றிவிட்டுத்தான் கரண்ட் கொடுக்கணும். பெரிய கெப்பாசிட்டரில் வோல்டேஜ் தேங்கியிருக்கும் என்பதால் சார் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மெஷினின் பின்பக்கம் 7 பின் டின் சாக்கெட் இருக்கும. அதிலிருந்து வரும் ஒயரில் மூன்று பிளக்: இயர், மைக் இரண்டும் 3.5 மில்லிமீட்டர், ரிமோட் 2.5. ரிமோட் பிளக் வழியாகக் கம்ப்யூட்டரே ஒரு ரிலேயால் மோட்டாரை ஓட்டும், நிறுத்தும். 'டக்' என்ற சத்தத்தோடு கீபோர்டில் விளக்கும் எரியும். ரீவைண்ட் பட்டனை அமுக்கியும் டேப் சுற்றவில்லை என்றால் பயப்பட வேண்டாம். மோட்டார் கம்ப்யூட்டர் கையில் இருக்கிறது. '*மோட்டார் 1' என்று கொடுங்கள், இல்லேன்னா ரிமோட்டைப் பிடுங்குங்கள்.

டிஸ்க் வசதி பொருத்திய மெஷின் என்றால் முதலில் '*டேப்' என்று டைப் செய்யணும். பிறகு '*கேட்' கொடுத்து, வால்யூமைப் பாதியில் வைத்து, ட்ரெபிளை முழுசாகத் திருப்பி, டேப்பை ஓட விடுங்கள். பெயரும் துண்டு நம்பரும் ஒழுங்காக ஓடினால் வால்யூம் சரி. இல்லையென்றால் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டணும். இந்தக் கட்டளை புரோகிராமை ஏற்றாது, படித்து மட்டும் பார்க்கும். அதனால் புதுசாக ஸேவ் பண்ணியதும் இதையே ஓட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லையா? பத்துக்கு எட்டு தடவை கோளாறு ஹெட்டில்தான். முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஹெட், கேப்ஸ்டன், பிஞ்ச் ரோலர் மூன்றையும் துடையுங்கள். பஞ்சு பழுப்பாக வரும். பழுப்பு நிற்கும்வரை துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் கேசட்டைப் போடணும்.

அடுத்தது அசிமுத். ஹெட்டின் ஒரு பக்கத்து ஸ்க்ரூவுக்குக் கீழே ஸ்பிரிங் இருக்கும். அந்த ஸ்க்ரூதான் ஹெட்டின் சாய்வை மாற்றும். இது எவ்வளவு நுட்பமான விஷயம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். டேப் செகண்டுக்கு 47.6 மில்லிமீட்டர் ஓடுகிறது. 2400-ஆல் வகுத்தால் ஒரு அலையின் நீளம் சுமார் 0.02 மில்லிமீட்டர். மோனோ ட்ராக்கின் அகலம் 1.5 மில்லிமீட்டர். ஹெட் முக்கால் டிகிரி சாய்ந்தால் போதும். ட்ராக்கின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒரு முழு அலை விலகிப்போய், 2400 ஹெர்ட்ஸ் அநேகமாக அடித்துப்போகும். 1200 மட்டும் மந்தமாகக் கேட்கும். கம்ப்யூட்டருக்கு எல்லாமே சைபராகத் தெரிந்தால் அது என்ன செய்யும், பாவம்!

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்தக் கணக்கை நோட்டில் போட்டு மாமாவிடம் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்காமலே டேப்பை ஓட விட்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகத் திருகி, சத்தம் 'கீச்'சென்று கூர்மையாக வந்த இடத்தில் நிறுத்தினார். லேப் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தாலும் அதே இடம்தான் வந்திருக்கும் என்பது என் கருத்து. இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் பலரும் தொழிலை விட்டுவிட்டார்கள். உங்கள் ஊரில் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கோணலான ஹெட்டில் பதிந்த பழைய கேசட்டை, அதே கோணலில் வைத்த ஹெட்தான் படிக்கும். ஆகவே ஒவ்வொரு கேசட்டுக்கும் தனியாகத் திருகணும். ஆனால் அந்த நிலையில் புதுசாக எதையும் பதிவு பண்ணாதீர்கள், அதுவும் கோணலாகவே போகும். முடிந்தால் படிக்க ஒரு செட், எழுத ஒரு செட் என்று வைத்துக்கொள்வது நல்லது. நேர்நிலைக்குத் திரும்ப, கம்பெனி வெளியிட்ட பாட்டு கேசட் ஒன்றைப் போட்டு ஜால்ரா சத்தம் நன்றாகக் கேட்கும்வரை திருகலாம். கடையில் பதிவு பண்ணிக் கொடுத்த கேசட் இதற்கு ஆகாது; அந்தக் கடைக்காரர் ஹெட் எப்படி இருந்ததோ!

வேகமும் முக்கியம். பெல்ட் தளர்ந்தாலோ உருகிப் பிசினானாலோ மாற்றுங்கள். மெஷினோடு வந்த 'வெல்கம்' கேசட் போன்ற கம்பெனி கேசட்டின் ஆரம்பத்தில் ஒரே சீரான ஒலி வரும். ஃப்ரீக்வென்சி கவுன்டரில் 2400 காட்டணும். ஐம்பது முன்பின் போனால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் மோட்டாரின் பின்பக்க ஓட்டைக்குள் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தொடலாம். நீங்களே பதிவு செய்த கேசட்டில் இதைச் சோதிக்க முடியாது. தப்பான வேகத்தில் எழுதி அதே தப்பான வேகத்தில் படித்தால் சரியாகத்தானே காட்டும்?

கேசட் வாங்கினால் சாதா ஃபெர்ரிக், சி-60 போதும். சி-90, சி-120 டேப் மெல்லிசு, இழுபட்டுப் போகும். ஆரம்பத்தில் இருக்கும் வெறும் லீடர் டேப்பைத் தாண்டிய பிறகே ஸேவ் பண்ணுங்கள். பதிந்ததும் முதுகில் உள்ள தடுப்பை உடைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கவே கூடாது.

பழைய கேசட்டுக்குள் ஹெட்டை அழுத்தும் குட்டி ஃபெல்ட் துண்டு, பசை காய்ந்து விழுந்திருக்கும். அது இல்லாமல் டேப் ஹெட்டில் படியாது. வேறொரு கேசட்டின் கூட்டைத் திறந்து, டேப்பை அதற்கு மாற்றிப் போடலாம். எங்களுக்கு வந்த 14-ல் ஐந்து இப்படித்தான் இருந்தது. இதுவரை ஒன்பது கேசட் படித்தாகிவிட்டது. ஒன்றில் வாய்ப்பாடு கேட்கும் புரோகிராம், ஒன்றில் திரையில் ராக்கெட்.

படித்ததும் அப்படியே விடாமல் இயர் சாக்கெட்டிலிருந்து லேப்டாப்பின் லைன் இன்னுக்கு ஒயர் கொடுத்து, 44,100 சாம்ப்ளிங்கில் வேவ் ஃபைலாகப் பதிந்துகொள்ளுங்கள். எம்.பி.3 வேண்டாம். அந்த ஃபைலைத் திரும்பக் கம்ப்யூட்டருக்கு ஓட்டிக் காட்டினால் டேப் ஓடுகிறது என்றே நினைத்து ஏற்றிக்கொள்ளும். லேப்டாப் வால்யூமை மட்டும் முக்கால்வாசிக்கு மேல் வைத்துத் தொடங்குங்கள்.