செப்சிஸில் தளரும் இதயமும் இரத்த ஓட்டமும்

கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும் 1921ஆம் ஆண்டில் பெயரிட்ட மெலியோய்டோசிஸ், ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் ஏற்பட்டு, மழைக்காலத்தில் மிகுந்து, நீரிழிவு உள்ளவர்களைப் பெரிதும் தாக்கும் தொற்றாகும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் சாவித்திரி புதுச்சேரியும் அவருடைய குழுவினரும், இத்தொற்று இரத்தத்தில் கலந்த 50 நோயாளிகளை ஆராய்ந்து 1992இல் எழுதினர். அந்நிலையில் உயிருக்கு உலை வைப்பது கிருமி மட்டுமன்று. அதற்கு எதிராக உடல் கட்டுப்பாடின்றி எழுப்பும் எதிர்வினையால் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸும்தான்.

இந்த எதிர்வினையில் பெருகும் நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருள்கள் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரியச் செய்வதாலும், நுண்குழாய்களின் சுவர் வழியே நீர் திசுக்களுக்குள் கசிவதாலும் இரத்த அழுத்தம் சரிகிறது. இதயமும் தப்புவதில்லை. அமெரிக்காவில் பார்க்கர், பாரில்லோ குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், செப்சிஸ் நோயாளிகளுள் பிழைத்தவர்களின் இடது கீழறை முதலில் விரிந்து, சுருங்கும் திறன் குன்றி, 7 முதல் 10 நாள்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. வியப்புக்குரியது, இறந்தவர்களின் இதயம் அவ்வாறு விரியவில்லை என்பதே.

செப்சிஸ் சிகிச்சைக்கான 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல், முதல் 3 மணி நேரத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 30 மில்லிலிட்டர் உப்புக்கரைசலை, அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.8 லிட்டரை, சிரை வழியே ஏற்றப் பரிந்துரைக்கிறது. அதன் பின்னும் சராசரி இரத்த அழுத்தம் 65 பாதரச மில்லிமீட்டரை எட்டாவிட்டால், குழாய்களை இறுக்கும் நார்அட்ரினலினும், தேவைப்படின் வாசோபிரசினும் தரப்படுகின்றன; எக்கோ பரிசோதனையில் இதயம் தளர்ந்திருப்பது தெரிந்து, உறுப்புகளுக்கு இரத்தம் போதாதிருந்தால் டோபுடமின் சேர்க்கப்படலாம்.

திரவம் தாராளமாக ஏறினால் நல்லது என்ற எண்ணம் ஆபத்தானது. ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் நடந்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், விரைவாகத் திரவம் ஏற்றப்பட்டோரிடையே இறப்பு மிகுந்தது. எவ்வளவு திரவம் போதும் என்று அறிய, கருவிகள் மலிந்த இக்காலத்திலும், விரல் நுனியை 10 விநாடி அழுத்திவிட்டு, வெளுத்த தோல் 3 விநாடிக்குள் சிவக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையும் மதிப்பிழக்கவில்லை. 2019இல் 424 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, அதே நோக்கில் அளக்கப்படும் இரத்த லாக்டேட் அளவோடு இதை ஒப்பிட்டு, இதன் வழியே சிகிச்சையை நடத்தினாலும் இறப்பு கூடவில்லை எனக் கண்டது.

இவையெல்லாம் அவகாசம் வாங்கித் தருபவையே. கிருமியை ஒழிக்க, மெலியோய்டோசிஸுக்கு செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது 10 முதல் 14 நாள் சிரை வழியே சென்று, அதன் பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை 3 மாதமேனும் தொடர வேண்டும்.