ஹூக்ளியில் சொந்தப் படகு: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தமிழ் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு இருக்கும் நிலையில், சென்ற ஆண்டின் தொடக்கத்தில் நமது கிளைக்கு வந்தார். அவர் கையில் ஒரு விலைப்பட்டியல் இருந்தது. 40 குதிரைத்திறன் வெளிப்புற எஞ்சின் பொருத்திய, ஆறு பேர் அமரக்கூடிய இயந்திரப் படகு. விலை 12 லட்சம் ரூபாய். “முப்பது வருஷமா ஹௌரா பாலத்து மேலயே போய்க்கிட்டிருக்கேன் சார், இனிமே அதுக்குக் கீழே போகணும்” என்றார். ஆசை நியாயமானது. ஓய்வூதியப் பலன்களில் பெரும்பகுதியை அதில் செலுத்த அவர் எண்ணியிருந்தமையால், கணக்கை முழுமையாகப் போட்டுக் காட்டுவது நமது கடமை எனக் கருதினோம்.

விலைக்கு அப்பால்

உல்லாசப் படகுகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. ஆகவே 12 லட்சம் ரூபாய்ப் படகின் விலை, வரியுடன் 16 லட்சத்து 80 ஆயிரம் ஆகிறது. இதில் 10 லட்சத்தை 12 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 22,244 ரூபாய். வட்டி மட்டும் மூன்றேகால் லட்சத்தைத் தாண்டும். (வட்டி விகிதம் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே.)

நிறுத்துமிடம், காப்பீடு, எஞ்சின் பராமரிப்பு, அடிப்பாகத்திற்கு வண்ணம் பூசுதல் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் விலையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்குவது படகு உரிமையாளர்களிடையே வழங்கும் பொது விதி. அதாவது மாதம் 14,000 ரூபாய். தவணையையும் சேர்த்தால் 36,244 ரூபாய். ஆண்டில் 24 நாள்கள் படகை எடுத்தால், எரிபொருள் நீங்கலாக ஒரு நாள் உலாவிற்கு 18,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. நாற்பது குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 15 லிட்டர் பெட்ரோல் அருந்தும் என்பதையும் நினைவிற் கொள்க.

சட்டம் கோருவது

1917-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்ட உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, ஆறுகளில் செல்லும் இயந்திரக் கலங்களுக்கு ஆய்வுச் சான்றிதழ், பதிவு, காப்பீடு ஆகியவற்றை வலியுறுத்துகிறது. பதிவு மாநில அரசின் பொறுப்பு. ஆயினும் அது நாடு முழுவதும் செல்லும். பழைய படகு வாங்குவோர் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் எஞ்சின் எண்ணும் படகோடு பொருந்துகின்றனவா, முந்தைய கடன் நிலுவை ஏதும் உண்டா எனப் பார்த்த பின்னரே முன்பணம் தருதல் வேண்டும்.

ஆற்றின் இயல்பு

ஹூக்ளி, கடலின் ஏற்ற இறக்கத்திற்கு உட்பட்ட ஆறு. ஏற்றம் விரைந்து வரும். இறக்கம் நீண்ட நேரம் நீடிக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் சில வேளை நீர்ச்சுவர் போல் அலை ஒன்று மேல்நோக்கி ஓடிவரும். வங்காளிகள் இதனை ‘பான்’ என்பர். அப்போது கரையோரம் நிற்பதே ஆபத்து. படகோட்டிகள் ஆழமான நடு ஆற்றுக்குச் சென்று அலையை முன்முகமாக எதிர்கொள்வர். ஆகவே அலையேற்ற அட்டவணையைப் பாராமல் புறப்படலாகாது.

ஹௌரா பாலத்திற்கு ஆற்றினுள் தூண்கள் இல்லை; வடக்கே பாலியில் உள்ள விவேகானந்தர் சேதுவிற்கு உண்டு. தூண்களருகே நீரோட்டம் சுழலும். பாபுகாட், ஹௌரா இடையே குறுக்கிடும் பயணிகள் படகுகளுக்கும் தெற்கே துறைமுகக் கப்பல்களுக்கும் வழிவிடுக. பெருங்கப்பல் நினைத்தவுடன் நிற்காது. தெற்கே தாமோதர், ரூப்நாராயண் ஆறுகள் கலக்குமிடங்களுக்கு இடையே உள்ள ‘ஜேம்ஸ் அண்ட் மேரி’ மணல்திட்டு, 1694-இல் அங்கே அழிந்த கப்பலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. புதியவர்கள் வடக்கே பேலூர், ஸ்ரீராம்பூர், சந்தன்நகர் எனச் செல்வது நன்று.

ஒரு மாலைப் பாடம்

ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில், வாடகைப் படகில் நமது வாடிக்கையாளருடன் பாரக்பூர் வரை சென்றோம். ஐவர் இருந்தோம், உயிர்காப்பு அங்கிகள் இரண்டே. ஏறும்போது நாம் எவரும் அதைக் கேட்கவில்லை. நான்கு மணியளவில் வடமேற்கு வானம் கறுத்தது. படகோட்டி ஒரு சொல்லும் சொல்லாமல் அருகிலிருந்த படித்துறைக்குத் திருப்பினார். பத்து நிமிடங்களில் கால்பைசாகிப் புயல் ஆற்றின் மீது இறங்கியது, எதிர்க்கரை மறைந்தது. படிக்கட்டில் நனைந்தபடி நின்ற வாடிக்கையாளர், அந்த இரண்டு அங்கிகளையே நெடுநேரம் நோக்கிக்கொண்டிருந்தார்.

படகில் இருக்க வேண்டியவை

ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி, தீயணைப்பான், நீரிறைக்கும் பம்பு, ஒலிப்பான், இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, பின்புறம் வெள்ளை விளக்குகள், ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு. நங்கூரக் கயிறு நீரின் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வேண்டும். ஐந்து மீட்டர் ஆழத்திற்குக் குறைந்தது 25 மீட்டர். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கையிருப்பு. ஹூக்ளியின் வண்டல் எஞ்சினின் குளிர்நீர்ப் பாதையை அடைக்கும். ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் நன்னீரால் கழுவுக. ஆகாயத்தாமரையும் மீன்வலைகளும் சுழல்விசிறியில் சிக்கக்கூடும். எஞ்சினை நிறுத்திய பிறகே கை வைக்கவேண்டும்.

கடைசியில் என்ன செய்தார் எனில், ஓய்வூதியப் பணத்தை அவர் வைப்புத்தொகையில் இட்டார். நண்பர்கள் இருவருடன் சேர்ந்து, செலவுப் பங்கீட்டை எழுத்தில் வகுத்துக்கொண்டு, ஆய்வுச் சான்றுள்ள சிறிய பழைய படகொன்றைச் சேமிப்பிலிருந்தே வாங்கினார். படகு கைக்கு வருமுன்பே ஆறு அங்கிகள் அவர் வீட்டிற்கு வந்துவிட்டன.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது பழமொழி. படகு வாங்க எண்ணும் வாடிக்கையாளர்கள், கையெழுத்திடுமுன் விலைப்பட்டியலோடு தங்கள் கிளை அலுவலரை ஒருமுறை சந்திக்க வேண்டுகிறோம்.