விருந்துக்கு முன் ஓடுவோம்

ஆண்டுப் பிறப்பை ஒட்டிய சனி, ஞாயிறு இரண்டும் நம் சங்கத்துக்குத் திருநாட்கள். சனிக்கிழமை மாலை பாட்டும் நாடகமும். ஞாயிறன்று கங்கைக் கரைத் தோப்பில் வனபோஜனமும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயமும். சித்திரை பிறக்கும் நாட்களிலேயே இங்கு கொல்கத்தாவில் வைசாகமும் பிறக்கிறது. ஆகவே நம் புளியோதரைக்கும் வங்காள நண்பர்களின் சந்தேஷுக்கும் பண்டமாற்று நடப்பது வழக்கம்.

சென்ற ஆண்டு பந்தயத்தைச் சாப்பாட்டுக்குப் பின், பகல் இரண்டரை மணிக்கு வைத்தோம். வைத்தவர்களுள் நானும் ஒருவன். முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்பு, முதலாண்டு மாணவர் ஒருவர் தள்ளாடி, வழி தவறி ஓடி விழுந்தார். சாப்பாடு அதிகம் என்று சிலர் சிரித்தோம். பெயரைக் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சிரிப்பு நின்றது. தோப்புக் காவலர்தாம் அவரைக் குழாயடிக்குத் தூக்கி வரச் சொல்லி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். மாணவர் பிழைத்தார். வந்தது வெப்பத் தாக்கு என்று மருத்துவர் பிறகு கூறினார்.

காரணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அறுபது கிலோ எடையுள்ளவர் ஐந்து கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 300 கிலோகலோரி செலவாகும். அதில் நாலில் ஒரு பங்குதான் ஓட்டமாகிறது. எஞ்சிய 225 வெப்பமாகிறது. அவர் உடலை ஒரு டிகிரி சூடேற்ற 50 கிலோகலோரி போதும். வெப்பம் வெளியேறாவிட்டால் 37 டிகிரியில் இருந்த உடல் 41-ஐத் தாண்டிவிடும். 40-ஐக் கடந்தாலே மூளை தடுமாறத் தொடங்கலாம்.

சித்திரைப் பிற்பகலில் காற்றே தோலின் அளவுக்குச் சூடாக இருக்கும். அப்போது வியர்வை ஒன்றே துணை. ஒரு கிராம் வியர்வை ஆவியானால் அரை கிலோகலோரிக்குச் சற்று மேல் வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆனால் அது ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுந்தால் பயனில்லை. இவ்வூர்க் காற்றின் ஈரத்தில் பெரும்பகுதி சொட்டித்தான் போகிறது. போதாக்குறைக்கு, உண்ட உணவைச் செரிக்க வயிறும் இரத்தத்தில் பங்கு கேட்கிறது.

1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மராத்தானில் போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ கடும் வெயிலில் ஓடி விழுந்து, மறுநாள் இறந்தார். அவர் உடலில் மெழுகு பூசியிருந்ததால் வியர்க்க முடியாமல் போயிற்று என்று சொல்லப்படுகிறது. மெழுகு செய்ததை இங்கு ஈரக் காற்றும் ஓரளவு செய்கிறது.

ஆகவே இவ்வாண்டு பந்தயம் காலை ஆறு மணிக்கு. விருந்து அதன் பிறகே. காலைக் காற்றிலும் ஈரம் உண்டு. எனினும் வெயில் இல்லை, காற்றும் தோலைவிடக் குளிர்ந்திருக்கும். வழியில் இரண்டு இடங்களில் தண்ணீர்த் தொட்டியும் வாளியும் இருக்கும். யாராவது தடுமாறி உளறினால் உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் புகட்டாதீர்கள். வண்டிக்கு ஆள் அனுப்புங்கள். வண்டி வரும்வரை ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.

சென்ற ஆண்டு விழுந்த நண்பர் இவ்வாண்டும் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறார். காவலரையும் விருந்துக்கு அழைத்திருக்கிறோம்.